பதினோரு உறவுகளும் ஒரு ஃபயர்வாலும்

கேபிளக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரே ஒரு கேபிளால்தான். இருபத்திரண்டு வயதில் ஐஸ்கிரீம் ஆலையில் டப்பா லேபிள்களைத் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் ஒரு நாள் ஆலையின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் படுத்துவிட்டன. மேலாளர் வராந்தாவில் நின்று கத்தினார். வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடப் போன் போட்டார்கள். இவள் கீழே விழுந்த பேனாவை எடுக்க மேஜைக்கடியில் குனிந்தாள். சுவரோரமாக ஒரு கம்பி கழன்று கிடந்தது. சும்மா இருக்க மாட்டாமல் அதைச் சொருகினாள். மூன்று மாடியிலும் கம்ப்யூட்டர்கள் கண் விழித்தன.

"யாரும்மா சரி பண்ணது?" என்று மேலாளர் கேட்டபோது பேசாமல் இருந்திருக்கலாம். கையைத் தூக்கிவிட்டாள்.

தூக்கிய கை அதோடு இறங்கவேயில்லை. லேபிள் வேலை வேறு யாருக்கோ போனது. வயர், சுவிட்ச், பிரிண்டர், மேலாளரின் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. புத்தகம் பார்த்துக் கொஞ்சம், பட்டுப் பட்டுக் கொஞ்சம் என்று கற்றுக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயதிலும் ஆலைக்கு அவள் கேபிளக்காதான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது; சம்பளம் போடுகிறவர்களுக்குக்கூட அது சட்டென்று நினைவுக்கு வராது.

ஆலையின் நெட்வொர்க் ஒரே பெரிய கூடம் மாதிரி இருந்தது. சுவர் கிடையாது, தட்டி கிடையாது. குளிர் அறை மீட்டர், விற்பனைக்காரர்களின் லேப்டாப், வரவேற்பறையில் காத்திருப்பவரின் செல்போன் எல்லாம் அதே கூடத்தில் நின்று கூவின. யார் கூவினாலும் எல்லார் காதிலும் விழும். "இது வேலைக்காகாது, பிரிக்கணும்" என்று கேபிளக்கா வருடா வருடம் சொன்னாள். மேலாளரும் வருடா வருடம் "பார்க்கலாம்" என்றார்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது.

பெரிய கடைத்தொடர் ஒன்றின் ஆட்கள் ஆலையின் ஐஸ்கிரீமை வாங்குவதுபற்றிப் பேச வந்திருந்தார்கள். கூட்ட அறையின் பெரிய திரையில் மேலாளர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் வரவேற்பறையில் டப்பா மூடி விற்க வந்த ஒருவர், பொழுது போகாமல் தன் செல்போனில் தான் பாடிய பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே விரல் பட்டதோ, அவர் முகம் கூட்ட அறைத் திரையில் ஆறடிக்கு வந்து நின்றது. கண்ணை மூடி, ஒரு கையைக் காதில் வைத்து, உச்ச ஸ்தாயியில் ஓர் இழுவை. ரிமோட்டை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் முழுப் பாட்டையும் கேட்டார்கள். முடிவில் ஒருவர் கை தட்டிவிட்டார்.

மறுநாள் மேலாளர் கேபிளக்காவைக் கூப்பிட்டார். "ஒருத்தன் சாமான் இன்னொருத்தன் சாமானைக் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது. அதுக்கு என்ன வேணும்?"

"பதினோரு விலேன் போட்டா போதும் சார்."

"பதினோரு வில்லனா?"

"விலேன் சார். கம்பி அதேதான், சுவரை இடிக்க வேண்டாம். ஃபயர்வால்னு ஒரு பெட்டி இருக்கில்ல, அதுக்குள்ள கற்பனையா பதினோரு தடுப்பு போடறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நம்பர், ஒரு பேரு. யார் யாரோட பேசலாம்னு நாம எழுதி வெக்கணும்."

"வெள்ளிக்கிழமை அந்தக் கடைத்தொடர்லேருந்து ஒரு மேடம் சோதனைக்கு வர்றாங்க. அதுக்குள்ள பதினோரு வில்லனும் ரெடியா இருக்கணும்" என்றார் மேலாளர். அவர் காதில் முதலில் விழுந்ததுதான் கடைசிவரை நிற்கும்.

ஒரு பிரிவைக் கையால் போட முப்பத்தெட்டு இடத்தில் சொடுக்க வேண்டும். கேபிளக்கா முன்பொரு முறை மூன்று பிரிவு போட்டுப் பார்த்து, மூன்றாவதில் ஒரு புள்ளியை மாற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் தேடியவள். அதனால் இந்த முறை லேப்டாப்பில் ஓடும் தானியங்கிக் கருவி ஒன்றைப் பிடித்தாள். வேண்டியதைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தால் கருவி அதை வாசித்து, ஃபயர்வாலிடம் போய், அங்கே இல்லாததைப் போடும், மாறியிருப்பதைத் திருத்தும். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. வீட்டிலும் ஆபீசிலும் அப்படி ஓர் ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஆலையின் ஃபயர்வாலில் நேரடியாகக் கை வைக்கப் பயம். கிடங்கில் கிடந்த பழைய பெட்டியைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. மாமனாருக்குக் காது மந்தம். அவர் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியையான மாமியார் ரசக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இது எப்ப வேகும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பயிற்சிக்குப் பதினோரு பெயர் தேவைப்பட்டது. கேபிளக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். எதிரே உட்கார்ந்து அவர் வழி சொன்னார்.

"பேருக்கு எங்க போற? எங்க வீட்டு ஆளுங்க இருக்காங்களே. யார் யாரோட பேசமாட்டாங்கன்னு நீ யோசிக்கவே வேண்டாம், ரெடிமேடா இருக்கு."

"அத்தை பார்த்தா?"

"இங்கிலீஷ் எழுத்துல போடு. கண்ணாடி இல்லாம அம்மாவுக்குத் தெரியாது. எழுது. பத்தாம் நம்பர், மாமியார். யாரை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் கேள்வி கேட்கலாம்."

"இருபது, மாமனார்?"

"அப்பாவா? எல்லாரும் சொல்றதை வாங்கிப்பார். பதில் வராது."

"முப்பது, நாப்பது, உங்க அக்காவும் தங்கச்சியும்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல முழுத் தடை. காரணம் எழுத இடம் இருக்கா? சோபான்னு போடு." அந்தச் சோபா யாருக்கு என்பது ஒன்பது வருடமாகத் தீர்ப்பாகாத வழக்கு.

பெயர் பதினைந்து எழுத்துக்கு மேல் போனால் பெட்டி ஏற்க மறுத்தது. பெரிய நாத்தனார் 'பெரியநாத்' ஆனாள். வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தன் ஐம்பது, இணையத்தோடு மட்டும் பேசலாம். ஓரகத்தி அறுபது, எல்லார் வீட்டையும் பார்க்கலாம். எழுபதுக்கு வந்தபோது கணவர் காலால் தரையை ஓர் அழுத்து அழுத்தினார்.

"சித்தப்பா. யாரும் அவரோட பேசக் கூடாது, அவரும் யாரோடவும் பேசக் கூடாது. காரணம், ஏணி."

ஏழு வருடத்துக்கு முன்னால் மாமனாரின் தம்பியான அந்தச் சித்தப்பா இவர்கள் வீட்டு அலுமினிய ஏணியை இரவல் வாங்கிப் போனார். திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார் அவர். வரவேயில்லை என்றாள் மாமியார். போனில் வார்த்தை தடித்தது. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

எண்பது, தொண்ணூறு, நூறு என்று கணவரின் அத்தை பிள்ளைகள் மூன்று பேரை நிரப்பினார்கள். கடைசியாக நூற்றுப்பத்து. அதற்கு மட்டும் கணவரைக் கேட்காமல் அவளே எழுதினாள். பெயர், நான். விதி: எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும், யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. கணவர் எட்டிப் பார்த்தார். எழுந்துபோய் அவளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

கருவியை ஓட விட்டாள். மூன்று நிமிடத்தில் பதினோரு பிரிவும் பெட்டிக்குள் முளைத்தன. முழுக் குடும்பமும் ஒரு பிசகு இல்லாமல் அவரவர் கோபத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தது. "அச்சு அசல்!" என்றார் கணவர்.

இந்தப் பட்டியலுக்கு 'வீடு' என்று பெயர் வைத்தாள். அதே எண்களை வைத்து 'ஆலை' என்று இன்னொரு பட்டியல் எழுதினாள். பத்து மேலாளர் அறை, இருபது பிரிண்டர்கள், முப்பது விற்பனை, நாற்பது கிடங்கு, ஐம்பது ருசி பார்க்கும் ஆய்வுக்கூடம், அறுபது கேமரா, எழுபது குளிர் அறை மீட்டர்கள். இப்படியே போய் நூற்றுப்பத்து அவளுடைய கம்ப்யூட்டர். எந்தப் பட்டியலை வாசிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல ஒரே ஒரு வரி உண்டு. அதில் 'வீடு' என்று இருந்தது. 'ஆலை' என்று மாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சோதனைக்கார மேடம் பதினொன்றுக்கு வருவதாகத் தகவல். கேபிளக்கா கருவிக்கு முதலில் ஒத்திகை கொடுத்தாள். ஒத்திகையில் கருவி எதையும் தொடாது. இன்னின்னது செய்வேன் என்று திரையில் சொல்லிக் காட்டும். வரிகள் ஓடின. எல்லாம் பச்சை. வாசிக்கலாம் என்று கண்ணாடியை எடுப்பதற்குள் மேலாளர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வில்லனுங்க வந்தாச்சா?"

"ஒத்திகை பார்க்கறேன் சார்."

"பச்சையா இருக்கே. பச்சைன்னா நல்லதுதானே? அப்புறம் என்ன, தட்டு!"

தட்டினாள்.

மூன்று நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் திருப்தியோடு தன் அறைக்குப் போனார். முதலில் சத்தம் போட்டது பிரிண்டர்தான். விற்பனைப் பிரிவு ஒரு பக்கம் அச்சுக்குக் கொடுத்தது. பிரிண்டர் வாங்கிக்கொண்டது, ஆனால் "ஆச்சு" என்று பதில் சொல்லவில்லை. பதில் வராததால் கம்ப்யூட்டர் அதே பக்கத்தை மறுபடி அனுப்பியது. மறுபடியும் அனுப்பியது. தாள் தரையில் கொட்ட ஆரம்பித்தது. விற்பனைக்காரர் சீட்டு அனுப்பினால் கிடங்குக்குப் போகவில்லை. அவர் படியிறங்கிப் போய்க் கேட்டால், "உன் கம்ப்யூட்டர்தான் எங்களோட பேசமாட்டேங்குது" என்றார் கிடங்குக்காரர். "உன்னுதுதான் மூஞ்சியைத் திருப்பிக்குது" என்றார் இவர். இரண்டு பேரும் அதுவரை நல்ல சிநேகிதர்கள்.

மேலாளர் மட்டும் அறையிலிருந்து தலையை நீட்டி, "ஏம்மா, என் கம்ப்யூட்டர் இன்னைக்கு என்னா ஸ்பீடு! எதைக் கேட்டாலும் திறக்குது!" என்றார்.

கேபிளக்காவுக்குப் பத்தாம் நம்பரின் விதி ஞாபகம் வந்தது. திரையில் அந்த ஒரு வரியைப் பார்த்தாள். வீடு.

அதே நேரம் குளிர் அறைச் சங்கு ஊளையிட்டது. மீட்டர்களிடமிருந்து ஐந்து நிமிடம் பேச்சு வராவிட்டால் சங்கு அலறும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிட வேண்டும், மீட்டர் மறுபடி பேசும்வரை கதவு வெளியிலிருந்து திறக்காது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே போக வேண்டிய நூற்று அறுபது டப்பா மாம்பழ ஐஸ்கிரீம் வராந்தாவில் தள்ளுவண்டியில் நின்றது.

கேபிளக்கா அந்த வரியை மாற்றிவிட்டுக் கருவியைத் தட்டினாள். கருவி ஃபயர்வாலைக் கூப்பிட்டது. ஃபயர்வால் அனுமதி இல்லை என்றது. இன்னொரு முறை. அனுமதி இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவள் கம்ப்யூட்டர் இப்போது நூற்றுப்பத்து. எல்லாருக்கும் பதில் சொல்லலாம், யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. சொந்தக் கையால் எழுதிய விதி.

இனி லேப்டாப்பிலிருந்து ஒரு கம்பியை நேரே ஃபயர்வாலின் முதுகில் சொருகினால்தான் உண்டு. ஆனால் ஒரு முறை குழாய் வெடித்து வராந்தாவில் முழங்கால் தண்ணீர் நின்றதிலிருந்து, மேலாளர் அந்தப் பெட்டியைக் கூரைக்கு ஒரு சாண் கீழே மாட்டி வைத்திருந்தார். ஏணி வேண்டும்.

"ஃபோர்மேன்! ஏணி!" என்று அவள் போட்ட சத்தம் சங்கையே ஒரு கணம் மிஞ்சியது.

குளிர் அறை ஃபோர்மேன் கேபிளக்கா வழக்கமாக ஏறும் அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வரும் வழியில் தள்ளுவண்டியில் இடித்து இரண்டு டப்பா கவிழ்ந்தது. ஏணியின் அடிக்கால் மாம்பழத்தில் ஊன்றி நின்றது. அவள் ஏறினாள், சொருகினாள், இறங்கினாள். டப்பாக்கள்மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்து நிமிர்ந்தால், மேலாளரும் சோதனைக்கார மேடமும் எதிரே நின்றார்கள். மேடம் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"இதுதான் உங்க ஃபயர்வாலா? பிரிவுகளைக் காட்டுங்க" என்றார் மேடம், சங்குக்கு மேலே குரலை உயர்த்தி. குட்டையான உருவம், கையில் ஒரு அட்டை, காதில் பேனா.

மறைக்க வழியில்லை. மேடம் திரையைக் குனிந்து வாசித்தார். ஒரு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார்.

"இங்க... சித்தப்பான்னு ஒண்ணு இருக்கே?"

கேபிளக்கா வாயைத் திறப்பதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார். "அது வந்து மேடம், பாதுகாப்பு முறை. முழுசா தனிமைப்படுத்தின பகுதிக்குச் சித்தப்பான்னு சொல்றது. எல்லா நாட்டுலயும் இப்ப அதான்."

"அப்ப மாமியார்?"

"அது... அதைவிட மேல் மட்டம்."

"அது உங்க அறை சார்" என்றாள் கேபிளக்கா மெதுவாக.

"நான் மாமியாரா?" மேலாளரின் சர்வதேச முறை அந்த இடத்தில் நின்றுபோனது.

மேடம் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "சித்தப்பா, யாருடனும் பேச்சு இல்லை. காரணம், ஏணி." நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஏணி?"

இனி சொல்லாமல் இருப்பதில் லாபமில்லை. கேபிளக்கா உள்ளதைச் சொன்னாள். வீட்டுப் பயிற்சி, மாறிப்போன பட்டியல், சித்தப்பா வாங்கிப் போன அலுமினிய ஏணி, திரும்பி வராத ஏழு வருடம். மேலாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடத்தின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஃபோர்மேன் கீழே குந்தி ஏணிக் காலில் ஒட்டிய மாம்பழத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா" என்றார். "இதுல சிவப்புப் பெயின்ட்ல 'எல்'னு போட்டிருக்கே. கார் பழகறவங்க ஒட்டிக்குவாங்களே, அந்த எல். இத்தனை வருஷம் அழுக்குல தெரியல."

கேபிளக்கா குனிந்து பார்த்தாள். அவள் கணவர் போட்ட எல். மிச்சமாகும் பெயின்ட்டை வீணாக்கக் கூடாது என்று வீட்டில் கைக்குக் கிடைத்த சாமானிலெல்லாம் எல் போட்டு வைக்கிறவர். வாளியில்கூட இருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த வாரம் அது. வேலைக்காரர்கள் போன மறுநாள் காலை, பின்சுவரில் சுண்ணாம்பு அப்பிய ஓர் ஏணி சாய்ந்து நின்றது. பெயின்டர்கள் மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தாள். கேட்டு வந்தால் கொடுத்துக்கொள்ளலாம், அதுவரை ஆலையில் கூரைக் கம்பி இழுக்க ஆகும் என்று சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டாள். யாரும் கேட்டு வரவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சித்தப்பா கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போன ஏணி அது. ஏழு வருடமாக ஒரு குடும்பச் சண்டையின்மேல் அவள் தினமும் ஏறி இறங்கியிருக்கிறாள்.

"ஐயோ சின்ன மாமா" என்றாள். அப்படியே ஒரு டப்பாமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மேடம் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், கடைசியில் அட்டையைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு. "எங்க வீட்டுல மிக்ஸி மூடி" என்றார், மூச்சு வாங்க. "பதினாலு வருஷம். முதல்ல சங்கை நிறுத்துங்கம்மா, காது போகுது."

கேபிளக்கா கருவியைத் தட்டினாள். ஃபயர்வாலில் இருந்த பெயர்களையும் விதிகளையும் கருவி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனது. மாமியார் மேலாளர் அறை ஆனார், சித்தப்பா குளிர் அறை ஆனார். எழுபதுக்குப் பேச்சு திரும்பியதும் சங்கு அடங்கியது. நாற்பதுக்கும் முப்பதுக்கும் இருந்த தடை விலகியதும், நின்றிருந்த முப்பத்தொன்பது சீட்டுகளும் ஒரே மூச்சில் கிடங்கில் வந்து விழுந்தன. பிரிண்டரை மட்டும் பிளக்கைப் பிடுங்கித்தான் அடக்க வேண்டியிருந்தது.

குளிர் அறைக் கதவு திறந்தபோது வண்டியில் இருந்த ஐஸ்கிரீம் கஞ்சிப் பதத்துக்கு வந்திருந்தது. இளகியதை மறுபடி உறைய வைத்து விற்கக் கூடாது என்பது விதி. ஃபோர்மேன் கரண்டிக்கு ஆள் அனுப்பினார். மூன்று மாடியும் வராந்தாவுக்கு இறங்கி வந்தது. விற்பனைக்காரரும் கிடங்குக்காரரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். மேடம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, வரவேற்பறையில் காத்திருந்த ஒருவரின் செல்போனை வாங்கிக் கூட்ட அறைத் திரையைக் கூப்பிட்டுப் பார்த்தார். திரை கண்டுகொள்ளவில்லை. மீட்டரை லேப்டாப்பிலிருந்து தொட முயன்றார். முடியவில்லை. அட்டையில் "பிரிவுகள் சரியாக உள்ளன" என்று எழுதினார். அதற்குக் கீழே, "ஒத்திகையை வாசிக்க வேண்டும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

ஆலையில் தப்பித்தாயிற்று, வீடு பாக்கி. அன்று மாலை கேபிளக்கா ஏணியோடு வீட்டுக்கு வந்தாள். வாசலில் வைக்கும்போதே பேச வேண்டியதை மனதில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போனால், மாமியார் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால், பயிற்சியின்போது கேபிளக்கா அச்செடுத்து மேஜையிலேயே விட்டுவிட்ட 'வீடு' பட்டியல். கையில் சிவப்புப் பேனா.

"உட்காரு" என்றாள் மாமியார். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்திய குரல். "பத்தாம் நம்பர் நான்தானே?"

"ஆமா அத்தை."

"யாரை வேணும்னாலும் கேள்வி கேட்கலாம்னு போட்டிருக்கு."

"அது... உங்க பையன் சொல்லி..."

"அது சரிதான். ஆனா உன் ஓரகத்தியோட பேச எனக்கு எதுக்கு அனுமதி? ரெண்டு வருஷமா நான் அவளோட பேசறதில்ல. உங்க ரெண்டு பேருக்கும் இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியல." அந்த வரியைச் சுழித்து ஒரு தப்பு போட்டாள். "அப்புறம் உங்க மாமா. பதில் வராதுன்னு யாரு சொன்னா? சாப்பாட்டு நேரத்துல வரும்." அடியில் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று போட்டுத் தாளை நீட்டினாள். நூற்றுப்பத்தாம் நம்பருக்கு நேரே மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தது. மறுநாள் காலை, தினமும் கேபிளக்கா துருவும் தேங்காயை, அவள் எழுந்து வருவதற்குள் மாமியாரே துருவி வைத்திருந்தாள்.

அந்த மாலையே கேபிளக்கா ஏணிக் கதையையும் சொல்லிவிட்டாள். மாமியார் வாசலுக்குப் போய் ஏணியைப் பார்த்தாள், எல்-ஐ விரலால் தடவிப் பார்த்தாள். "அன்னிக்கு அவரை என்னென்ன சொன்னேன் தெரியுமா?" என்றாள். "போனைக் கொடு."

பேச்சு நான்கே வார்த்தைதான். "ஏணி கிடைச்சிடுச்சு. வந்து சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். மெலிந்த மனிதர், கையில் ஒரு தர்பூசணி. வாசலில் ஏணியைப் பார்த்து அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தார். ஏழு வருடத்துப் பேச்சு மொத்தமும் அவரிடம் அப்படியே இருந்தது. முட்டி வலியில் தொடங்கி, மாடி வீட்டுக்காரனின் நாய், தண்ணீர்த் தொட்டி, தான் பார்த்த மூன்று டாக்டர்கள் என்று காலை பத்து மணி முதல் சாயங்காலம் ஐந்துவரை பேசினார். மாமனார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான்கு மணி சுமாருக்கு மாமியார் அடுப்படிக்கு வந்து, "எழுபதாம் நம்பரை மறுபடி மூடறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"மூணு நிமிஷம் அத்தை."

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மாமியார் தர்பூசணித் தட்டோடு மறுபடி கூடத்துக்குப் போனாள்.

ஆலையில் அந்தப் பெயர்கள் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. ஆனாலும் போவதாக இல்லை. "அக்கா, சின்ன நாத்தனார் பேசறேன், நெட் வரல" என்று கிடங்கிலிருந்து போன் வரும். ஆய்வுக்கூடத்துக்காரர் கதவில் 'கொழுந்தன்' என்று காகிதம் ஒட்டிக்கொண்டார். மேலாளர் இருக்கும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் வராந்தாவில் வந்தால் மட்டும், "மாமியார் வர்றாங்க" என்று மெதுவாக ஒரு குரல் முன்னால் ஓடும்.

கடைத்தொடர் ஐஸ்கிரீமை வாங்க ஒப்புக்கொண்டது. அதோடு மேடம் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நகரின் மறுகோடியில் தங்கள் கிடங்கு ஒன்று இருக்கிறது, அங்கேயும் எல்லாம் ஒரே கூடமாகக் கிடக்கிறது, நாற்பது பிரிவு போட வேண்டும், அந்த அம்மாவை ஒரு வாரம் அனுப்ப முடியுமா என்று. "நாப்பது வில்லன்!" என்றார் மேலாளர் பெருமையோடு. கேபிளக்கா போனாள். இந்த முறை ஒத்திகைத் தாளை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசிப்பதாகத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பயிற்சிப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். கண்டக்டர் வந்து நின்றார்.

"பெட்டிக்குள்ள என்ன?"

"ஃபயர்வால்."

கண்டக்டர் ஓரடி பின்னால் போனார். "ஃபயரா? எரியற சாமான் பஸ்ல ஏத்தக் கூடாதும்மா."

"எரியாதுங்க. பேருதான் அப்படி."

"எரியாததுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"யாரு யாரோட பேசலாம்னு பார்த்துக்கற பெட்டிங்க."

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "அப்ப இதைக் கண்டக்டர் பக்கத்துல வைங்க, அவருதான் எல்லாரோடவும் பேசறாரு" என்றார். பஸ் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் விதி விதிதான் என்று, பெட்டி மடியில் இருந்தால் டிக்கெட் வேண்டாம், இருக்கையில் இருந்தால் ஒரு முழு டிக்கெட் என்று சொல்லிவிட்டார். கேபிளக்கா பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி பத்து நிமிடப் பயணம். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போய், நிறுத்தத்துப் பெஞ்சில் பெட்டியை அணைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கால் விரல்களில் உயிர் வந்ததும் எழுந்து, கிடங்கு வாசலைப் பார்த்து நொண்டிக்கொண்டே நடந்தாள்.